ஒரு குழந்தை நடக்கும் தூரம்: மாசசூசெட்ஸ் பள்ளி மாவட்டங்களின் வரலாறு

மாசசூசெட்ஸில் பள்ளி நடத்துவது தொடக்கத்தில் மாநிலத்தின் வேலையும் அல்ல, மாவட்டத்தின் வேலையும் அல்ல; டவுனின் வேலை. நியூ இங்கிலாந்தில் டவுன் என்பதற்கு நகரம் என்று பொருள் கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு தொழுகைக் கூடம், அதைச் சுற்றிச் சில வீடுகள், அப்பால் வயல், மேய்ச்சல் நிலம், காடு என்று பல சதுர மைல் பரப்பில் விரிந்த ஊர் எல்லைதான் டவுன். பல குக்கிராமங்களை உள்ளடக்கிய தமிழ்நாட்டு வருவாய் கிராமம் ஓரளவு இதற்கு நெருங்கி வரும். டவுனின் ஆண்கள் ஒன்றுகூடி, கைதூக்கி வாக்களித்து, வரி போட்டு, சாலைக்கும் பாலத்துக்கும் பாதிரியாருக்கும் பணம் ஒதுக்குவார்கள். அந்தப் பட்டியலில் வாத்தியாரின் சம்பளமும் 1647இல் சட்டப்படி ஏறியது.

அந்த ஆண்டுச் சட்டம் சாத்தானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தொடங்குகிறது. மக்கள் வேதத்தைப் படிக்கவிடாமல் செய்வதே அவனுடைய பழைய தந்திரம் என்றும், அதை முறியடிக்க எழுத்தறிவு வேண்டும் என்றும் முகவுரை சொல்கிறது. ஏமாற்றுக்காரக் கிழட்டுச் சாத்தானின் பெயராலேயே அந்தச் சட்டம் இன்றும் அறியப்படுகிறது. முகவுரை இப்படி இருந்தாலும் விதிகள் கணக்குப்பிள்ளை எழுதியவை போல் கறாரானவை. 50 குடும்பங்கள் உள்ள டவுன், எழுதப் படிக்கக் கற்றுத்தர ஒருவரை அமர்த்த வேண்டும். 100 குடும்பங்கள் ஆகிவிட்டால் லத்தீன் கற்பிக்கும் இலக்கணப் பள்ளி வைக்க வேண்டும்; 1636இல் தொடங்கிய ஹார்வர்டு கல்லூரிக்குப் பையன்களைத் தயார் செய்வது அதன் நோக்கம். வைக்கத் தவறினால் 5 பவுண்டு அபராதம். லத்தீன் தெரிந்த ஒருவருக்குச் சோறு போட்டுச் சம்பளமும் கொடுப்பதைவிட அபராதம் கட்டுவதே மலிவு என்று பல டவுன்கள் கணக்குப் போட்டன. அபராதத் தொகை பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டதிலிருந்து அந்தக் கணக்கு எவ்வளவு பரவியிருந்தது என்பது புரியும்.

சட்டத்தை உண்மையில் அசைத்தது தூரம். 18ஆம் நூற்றாண்டு பிறந்தபோது குடும்பங்கள் தொழுகைக் கூடத்தை விட்டுப் பல மைல் தள்ளிப் போய் நிலம் திருத்திக் குடியேறியிருந்தன. பனிக்காலத்தில் ஆறு வயதுக் குழந்தை மூன்று மைல் நடந்து பள்ளிக்கு வர முடியாது. தம் பிள்ளை போக முடியாத பள்ளிக்குத் தாம் எதற்கு வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி டவுன் கூட்டங்களில் எழுந்தது. பல ஊர்கள் அதற்குக் கண்ட தீர்வு வேடிக்கையானது: பள்ளியை நடக்க வைத்தார்கள். வாத்தியார் ஒருவரே சில வாரம் வடக்கு மூலையில், சில வாரம் ஆற்றுக்கு அக்கரையில், சில வாரம் நடு ஊரில் என்று சுற்றி வந்தார். இதற்கு நகரும் பள்ளி என்றே பெயர். மொத்தத்தில் ஆண்டு முழுவதும் பள்ளி நடந்ததாகக் கணக்கு இருக்கும். ஆனால் எந்த ஒரு குழந்தைக்கும் கிடைத்தது சில வாரப் படிப்புதான்.

நகரும் பள்ளி நின்ற இடங்களிலெல்லாம் நாளடைவில் ஒரு கொட்டகை எழுந்தது. கொட்டகையைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. பள்ளி மாவட்டம் பிறந்தது இப்படித்தான். திட்டம் போட்டு யாரும் உருவாக்கியதல்ல. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை 1789ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. டவுன்கள் தம்மைப் பள்ளி மாவட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றது அது. இந்த மாவட்டத்தைத் தமிழ் வாசகர் அறிந்த கல்வி மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்பது மாநிலக் கல்வித் துறையின் ஒரு கிளை. அதற்கென வரியும் இல்லை, தேர்தலும் இல்லை. மாசசூசெட்ஸின் பழைய மாவட்டமோ இருபது முப்பது வீடுகளும் ஓர் அறைப் பள்ளியும் மட்டுமே கொண்டிருந்தாலும் தனி அரசாங்கம்.

அந்த அரசாங்கம் படிப்படியாக அதிகாரம் சேர்த்துக்கொண்டது. பள்ளிக் கட்டடத்துக்காக வரி போடும் உரிமை 1800இல் வந்தது. சொத்து வைத்துக்கொள்ளவும், வழக்குத் தொடுக்கவும், வழக்கை எதிர்கொள்ளவும் சட்டப்படியான தனி அமைப்பு என்ற தகுதி 1817இல் கிடைத்தது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1827இல் மாவட்டக் கமிட்டிக்காரர் கைக்குப் போனது. டவுனுக்கும் ஒரு பள்ளிக் குழு உண்டு. வந்தவருக்குப் பாடம் சொல்லத் தகுதி உண்டா என்று சோதித்துச் சான்று தருவது அதன் வேலை. ஆளைப் பிடித்து ஒப்பந்தம் போடுவது மாவட்டக்காரர். கமிட்டிக்காரரின் மகளோ மருமகனோ சம்பளத்தில் அமர்வதற்கு இதைவிட நல்ல வாசல் வேண்டியதில்லை. விறகும் பழுதுபார்ப்பும்கூட அவர் வழியாகத்தான் போயின.

பள்ளிக் கட்டடம் எங்கே வருவது என்பதில்தான் மாவட்டங்களில் பெரிய சண்டை. எல்லா வீட்டுக்கும் சமதூரம் வேண்டும் என்று வரைபடத்தில் நடுப்புள்ளியை அளந்தார்கள். அளந்த இடம் நல்ல விளைநிலமாக இருந்தால் யாரும் விட்டுத்தர மாட்டார்கள். கடைசியில் பாறையோ சேறோ, எதற்கும் உதவாத சாலையோர மூலை ஒன்று பள்ளிக்கு வாய்க்கும். உள்ளே ஓர் அறை. சுவரை ஒட்டிப் பெரிய பையன்களுக்குச் சாய்மேசை. முன்னால் சிறுவர்களுக்கு முதுகு சாய இடமில்லாத பலகை. பலகை உயரமென்றால் கால் தரையைத் தொடாது, நாள் முழுக்க அந்தரத்தில் ஆடும். அடுப்பருகே இருந்தவன் வெந்தான், சன்னலருகே இருந்தவன் விறைத்தான். விறகை வீட்டுக்கு இத்தனை சுமை என்று பெற்றோர் அனுப்ப வேண்டும். ஈர விறகு வந்தால் அன்று பாடத்துக்குப் பதில் புகைதான். பல பள்ளிகளில் கழிப்பறை என்ற ஒன்றே இல்லை. குளிர்காலப் பருவத்தில் வயல்வேலை இல்லாத பெரிய பையன்களை அடக்க ஓர் ஆண் வாத்தியார். கோடையில் சிறுபிள்ளைகளுக்குக் குறைந்த சம்பளத்தில் ஓர் இளம்பெண். அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கிடைத்தன. பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில் அதிக நாள் தங்கல்.

கட்டடத்தைவிடக் கனமான சிக்கல் பணத்தில் இருந்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு டவுன் திரட்டிய தொகையை மாவட்டங்களுக்குப் பங்கிட வேண்டும். எப்படிப் பங்கிடுவது? மாவட்டத்துக்குச் சமமாகக் கொடுத்தால் பத்துப் பிள்ளைகள் உள்ள மலைக்காட்டு மாவட்டமும் எண்பது பிள்ளைகள் உள்ள நடு ஊர் மாவட்டமும் ஒரே தொகை பெறும். பிள்ளைக் கணக்கில் கொடுத்தால் மலைக்காட்டில் பள்ளி எட்டு வாரத்தில் மூடப்படும். கட்டிய வரிக்கேற்பக் கொடுத்தால், ஆற்றோரம் ஆலை எழுந்த மாவட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். மூன்று முறைகளும் வெவ்வேறு டவுன்களில் நடைமுறையில் இருந்தன. பிள்ளை எந்த வேலிக்குள் பிறந்தது என்பதே அதற்கு எத்தனை வாரப் படிப்பு என்பதைத் தீர்மானித்தது.

இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியவர் ஹொரேஸ் மான். வழக்கறிஞர், மாநில மேலவையின் தலைவர். மாசசூசெட்ஸ் 1837இல் மாநிலக் கல்வி வாரியத்தை அமைத்தபோது அரசியலை விட்டுவிட்டு அதன் செயலாளர் ஆனார். வாரியத்துக்கு எந்தப் பள்ளிக்கும் ஆணையிடும் அதிகாரம் கிடையாது. விவரம் சேகரிக்கலாம், அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். ஒரு பிடி மட்டும் இருந்தது: 1834இல் ஏற்படுத்திய மாநிலப் பள்ளி நிதி. அதில் பங்கு வேண்டுமானால் டவுன் தன் பங்குக்கு வரி திரட்ட வேண்டும், புள்ளிவிவரமும் அனுப்ப வேண்டும். உத்தரவுக்கு மசியாத ஊர்கள் மானியத்துக்கு மசிந்தன. மாநிலம் பள்ளிக்குள் நுழைந்தது இந்தச் சிறு கதவு வழியாகத்தான்.

மான் 1848 வரை பதவியில் இருந்து பன்னிரண்டு ஆண்டறிக்கைகள் எழுதினார். மாவட்டப் பிரிவினைக்கு வழிவிட்ட 1789ஆம் ஆண்டுச் சட்டத்தையே பொதுப் பள்ளிகளுக்கு நேர்ந்த பெரிய கேடாக அவர் கருதினார். ஆசிரியர் பயிற்சிக்கு மாநிலம் நடத்தும் நார்மல் பள்ளி நாட்டிலேயே முதன்முதலாக 1839 ஜூலையில் லெக்சிங்டனில் திறந்தது. முதல் நாள் வந்து சேர்ந்த மாணவியர் மூன்றே பேர். மறு ஆண்டே வாரியத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்து, தோற்றது. பாஸ்டனிலிருந்து ஆட்டிவைக்கும் கை ஒன்று தம் ஊர்ப் பள்ளிமேல் விழுகிறது என்ற அச்சம் அந்தத் தீர்மானத்தின் பின்னால் இருந்தது. அந்த அச்சத்தை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குவது நியாயமல்ல. மாவட்டக் கூட்டத்தில் எழுந்து பேசிய விவசாயிக்கு அரசாங்கம் என்பதன் பொருள் அந்தக் கொட்டகையிலேயே விளங்கியது. தான் கட்டும் வரி எங்கே போகிறது என்பதை அவர் சன்னல் வழியாகவே பார்த்தார்.

அதனால்தான் மாவட்டத்தை ஒழிப்பது பாடாய்ப் போயிற்று. 1853இல் ஒரு சட்டம் ஒழித்தது. 1857இல் அது ரத்தானது. 1859இல் சட்டமன்றம் மறுபடி ஒழித்தது. அதே ஆண்டு சிறப்புக் கூட்டத்தில் மறுபடி உயிர் கொடுத்தது. 1869இல் மூன்றாம் முறை ஒழித்தது. 1870இல், மூன்றில் இரு பங்கு வாக்கு இருந்தால் டவுன்கள் மீட்டுக்கொள்ளலாம் என்று இளகியது. 1882இல் போட்ட சட்டம்தான் நிலைத்தது. பொறுப்பு மீண்டும் டவுனிடமே வந்து சேர்ந்தது. ஓர் ஊர்ச் சபை இன்னோர் ஊர்ச் சபையை விழுங்க முப்பது ஆண்டு பிடித்தது.

கோடு அழிந்தால் தூரம் திரும்பி வரும் அல்லவா? அதற்கான விடையும் 1869ஆம் ஆண்டிலேயே சட்டமாகியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்று அனுமதித்த முதல் மாநிலம் மாசசூசெட்ஸ். ஊர் மூலைகளிலிருந்த ஓர் அறைப் பள்ளிகளைப் பூட்டிவிட்டு, நீளப் பலகை போட்ட குதிரை வண்டிகளில் பிள்ளைகளை நடு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் நாடெங்கும் ஓடிய மஞ்சள் பேருந்துக்கு மூதாதை அந்த வண்டிதான். சிறு டவுன்கள் பல சேர்ந்து ஒரே பள்ளிக் கண்காணிப்பாளரை அமர்த்திக்கொள்ள 1888இல் வழி செய்யப்பட்டது.

பாஸ்டன் நகரத்தின் கதை தனி. அங்கே வீடுகள் நெருக்கம். நடைதூரம் ஒரு பிரச்சினையே அல்ல. ஆனாலும் ஐந்து வயது சாரா ராபர்ட்ஸ் தினமும் வெகுதூரம் நடந்தாள். வழியில் ஐந்து தொடக்கப் பள்ளிகளைக் கடந்துதான் தன் பள்ளியை அடைய வேண்டும். அந்த ஐந்தும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. கறுப்பினத்தவரான அவள் தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர் சார்லஸ் சம்னர் வாதாடினார். 1850இல் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிக் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிமன்றம் மறுத்ததை 1855இல் சட்டமன்றம் தந்தது: பொதுப் பள்ளியில் சேர்ப்பதற்கு நிறம் தடையாகாது. அந்தச் சட்டம் வந்த பிறகும், தோற்ற வழக்கின் தீர்ப்பைத்தான் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையை அனுமதிக்க மேற்கோள் காட்டியது. நகரப் பள்ளிக் குழுவோ வார்டுக்கு இத்தனை பேர் என்று பெருத்து 116 உறுப்பினர்களை எட்டியது. 1875இல் 24 ஆகவும், 1905இல் 5 ஆகவும் அது சுருக்கப்பட்டது.

மாசசூசெட்ஸ் கைவிட்ட மாவட்டத்தை மற்ற மாநிலங்கள் தூக்கிக்கொண்டன. நியூயார்க் 1812இலேயே அந்த முறையைச் சட்டமாக்கியிருந்தது. மேற்கே போகப் போக நிலமே அதற்கேற்றபடி அளக்கப்பட்டது: 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப்பை 36 பகுதிகளாக்கி, 16ஆம் பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கியது. இல்லினாயில் மட்டும் 1940களின் தொடக்கத்தில் சுமார் 12,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. தோட்டங்களும் சிதறிய குடியிருப்புகளுமாக இருந்த தெற்கில், மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவான கவுன்டியே பள்ளிக்கான அலகாக அமைந்தது. புளோரிடாவில் இன்றும் 67 கவுன்டி, 67 மாவட்டம். பொருளாதாரப் பெருமந்தம் கழுத்தை நெரித்த 1933இல் மேற்கு வர்ஜீனியா தன் 398 மாவட்டங்களை ஒரே சட்டத்தில் 55 கவுன்டி மாவட்டங்களாக்கியது. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். நாடு முழுக்க 1939–40 கல்வியாண்டில் 1,17,108 ஆக இருந்த எண்ணிக்கை இப்போது சுமார் 13,000. கார், தார்ச் சாலை, உயர்நிலைப் பள்ளி மோகம், மாநில மானியத்தின் நிபந்தனை ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை இது.

மாசசூசெட்ஸில் டவுன்களுக்கும் அதே நெருக்கடி வந்தது. ஆய்வுக்கூடமும் தொழிற்பயிற்சிக் கூடமும் உள்ள உயர்நிலைப் பள்ளியைச் சிறிய ஊர் தனியாகக் கட்ட முடியாது. டவுன்கள் கூடி வட்டாரப் பள்ளி மாவட்டம் அமைக்க 1949இல் சட்டம் வழிவிட்டது. பாஸ்டனுக்கு மேற்கே உள்ள லிங்கனும் சட்பரியும் 1950களில் சேர்ந்து ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்தத் தொடங்கின. எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளையோ இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, இரண்டு ஊர், மூன்று மாவட்டம், மூன்று பள்ளிக் குழு. வட்டார மாவட்டத்துக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. பட்ஜெட்டைத் தயாரித்து உறுப்பு ஊர்களுக்குப் பங்குச் சீட்டு அனுப்பும். மூன்றில் இரு பங்கு ஊர்கள் ஒப்ப வேண்டும். ஊர்களே இரண்டு என்றால் ஒன்று முகம் திருப்பினாலும் கணக்கு நிற்கும்.

கோட்டின் கூர்மையான முனை 1974இல் பாஸ்டனில் தெரிந்தது. நகரப் பள்ளிக் குழு வேண்டுமென்றே இனப் பிரிவினையை நிலைநிறுத்தியது என்று ஜூன் மாதம் நீதிபதி ஆர்தர் காரிட்டி தீர்ப்பளித்து, பேருந்துகளில் பிள்ளைகளை இடம் மாற்றி ஏற்றிச் செல்ல உத்தரவிட்டார். செப்டம்பரில் தெற்கு பாஸ்டனில் பேருந்துகள்மீது கல் பறந்தது. நடுவே ஜூலையில், டெட்ராய்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சொல்லியிருந்தது: பிரிவினைக் குற்றத்தில் பங்கில்லாத புறநகர் மாவட்டங்களைப் பரிகாரத்துக்குள் இழுக்க முடியாது. ஆக, பாஸ்டனின் ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பரும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த வசதியான டவுன்களைப் பேருந்து தொடவில்லை. 1966 முதல் நகரப் பிள்ளைகளில் சிலரைப் புறநகர்ப் பள்ளிகளுக்கு அனுப்பிவரும் மெட்கோ திட்டம் மட்டும், ஊர்கள் தாமாக இசைந்த அளவுக்கு, அந்தக் கோட்டைத் தாண்டியது. பாஸ்டன் பள்ளிக் குழுவுக்கு நடந்த தேர்தலும் 1990களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்து, உறுப்பினர்களை மேயர் நியமிக்கும் முறை வந்தது.

பணப் பங்கீட்டுச் சிக்கலும் பெரிய உருவில் திரும்பியிருந்தது. பழைய காலத்தில் ஒரே டவுனுக்குள் ஆலை மாவட்டமும் மலைக்காட்டு மாவட்டமும் என்றால், இப்போது மாநிலத்துக்குள் வசதியான புறநகரும் ஆலை மூடிய நகரமும். சொத்து வரியின் மொத்த வசூல் ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று 1980இல் மக்கள் வாக்கெடுப்பில் கட்டுப்பாடு வந்தது. மீற வேண்டுமானால் ஊர் தனியாக வாக்களிக்க வேண்டும். வசதியான ஊர் வாக்களித்தது. மற்றவை வகுப்புகளைச் சுருக்கின. 1993 ஜூனில் மெக்டஃபி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், எந்த ஊரில் பிறந்தாலும் பிள்ளைக்குக் கல்வி தரும் கடமை மாநிலத்துடையது என்றது. அதே மாதம் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அடிப்படைச் செலவு இவ்வளவு என்று வாய்பாடு வைத்துக் கணக்கிட்டு, ஊரால் முடியாத பகுதியை மாநிலம் ஈடுகட்ட வைத்தது. கூடவே ஆசிரியர் நியமனத்தைப் பள்ளிக் குழுவின் கையிலிருந்து எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தது. பட்ஜெட், கொள்கை, கண்காணிப்பாளர் நியமனம் ஆகியவை குழுவிடம் தங்கின. நெடுங்காலம் தேறாத மாவட்டத்தை மாநிலமே கையில் எடுக்கலாம். லாரன்ஸ் 2011இலும் ஹோலியோக் 2015இலும் அப்படிப் போயின.

மாநிலத்தின் மேற்குக் கோடியில், பெர்க்‌ஷயர் மலைப்பகுதியின் சில சிற்றூர்களில் இப்போது பள்ளிக்கூடமே இல்லை. பிள்ளைகள் பேருந்தேறி அடுத்த ஊருக்குப் போகிறார்கள்; அதற்கான கட்டணத்தை ஊர் கட்டுகிறது. அத்தகைய ஊரிலும் பள்ளிக் குழு ஒன்று முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, கூடி, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கட்டுவது என்று தீர்மானம் போடுகிறது.